கணவர் தற்போது வதியும் இடம்

படிவம் நிரப்புவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு செய்தவள் நான். மூன்று மொழியிலும் எழுதுவேன். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் யாருக்காவது விசாவுக்குக் கடிதம் வேண்டுமென்றால், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால், என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் அலுத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடி எடுத்து எழுதிக் கொடுப்பேன். அலுப்பு பாசாங்கு. யாரும் தட்டாத வாரத்தில்தான் எனக்கு உண்மையான அலுப்பு வரும்.

எங்கள் மாடியில் நாலு வீடுகளைக் கூட்டித் துடைக்க ஒரு பெண் வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். துறைமுக வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் நாலாவது தலைமுறை. அவள் இருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி இருபது வீடுகள், மருந்துக்கும் ஒரு செடி கிடையாது. சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் தாயோடு வந்து, என் பல்கனியில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை வாசித்துக்கொண்டிருப்பாள். தமிழ் முடிந்துவிட்டால் சிங்களப் பத்திரிகையை எடுப்பாள். எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை, மீன் சுற்றிய கடதாசி, மருந்துப் பெட்டியின் பின்பக்கம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கும் பிள்ளை. எனக்கு அவளைப் பிடிக்கும். அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பொருளாதாரம் விழுந்து விலைவாசி ஏறிய பிறகு, வறிய குடும்பங்களுக்கு அரசு மாதக் கொடுப்பனவு ஒன்று தரப்போகிறது என்று விண்ணப்பம் கோரினார்கள். அவள் படிவத்தைச் சொப்பிங் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். வீடு துடைத்து முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். பிள்ளை பல்கனியில் இருந்தாள். தமிழில் எழுதினால் யாராவது மொழிபெயர்க்கும்வரை ஒரு மூலையில் கிடக்கும் என்று சிங்களத்திலேயே நிரப்பினேன். அந்தச் சாமர்த்தியத்திலும் எனக்கு ஒரு பெருமை.

பாதிப் படிவம் தாண்டியதும் அந்தக் கட்டம் வந்தது. கணவர் தற்போது வதியும் இடம்.

"உம்மட மனுசன் எங்க?"

"அவரு வெளிய போயிட்டாரு மிஸ்."

"போய் எவ்வளவு காலம்?"

"மூணு வருஷமாச்சு."

"காசு ஏதும் அனுப்புறவரோ?"

"ஒரு சதம் இல்ல மிஸ்."

வெளிநாட்டில் என்று எழுதினேன். சிங்களத்தில் பிட்டரட்ட. பணம் அனுப்புவதில்லை என்று அடுத்த கட்டத்தில் எழுதினேன். எந்த நாடு என்று கேட்கக்கூட இல்லை. கொட்டாஞ்சேனை ஆள் என்றால் மத்திய கிழக்காகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். படிவத்தை வாசித்துக் காட்டவும் இல்லை. அடுப்பில் பருப்பு இருந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் தொடர்மாடியில் 'மகன் வெளியில' என்று ஒருவர் சொன்னால், கனடாவா லண்டனா என்றுதான் மற்றவர் கேட்பார். என் இரண்டு தம்பிமாரும் வெளியில். மகனும் வெளியில். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கலாம் என்பது நாற்பது வருடமாக எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவள் பாஷையில் அது வெறும் வெளி. வீட்டை விட்டு, வாசலைத் தாண்டி, போய்விட்டான் என்று சொல்கிறாள்.

அவளுடைய பெயர் பட்டியலில் வந்தது. பட்டியலைக் காரியாலயச் சுவரில் ஒட்டுவார்கள். யாரும் பார்க்கலாம், யாரும் ஆட்சேபனை எழுதலாம். ஒருவரும் எழுதவில்லை. கொடுப்பனவு வரத் தொடங்கியதும் அவள் செய்த முதல் வேலை, மகளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தனியார் வகுப்பில் சேர்த்தது. பிள்ளை கெட்டிக்காரி, பாஸானால் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஒரு வருடம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு கடிதம் வந்தது. பொதுமக்களில் ஒருவர் ஆட்சேபனை தெரிவித்திருக்கிறார். விண்ணப்பதாரியின் கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புவதை அக்கம்பக்கம் அறியும். பொய்த் தகவல் கொடுத்து நலன்புரிப் பணம் பெற்றதாகக் கருதி கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. மூன்று வாரத்தில் விசாரணைக்கு வரவும். நான் சிங்களத்தில் வாசித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "கிளாஸுக்கு என்ன சொல்றது மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசன் வெளிநாட்டில் இருந்தால் காசு அனுப்புகிறான் என்று அர்த்தமா? அவனவன் அங்கே போய்ப் பெண்டாட்டியை மறந்துவிடுகிறான். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அவர்களுடைய வாயை அடைக்கிறேன் என்று அவளிடம் வீறாப்பாகச் சொன்னேன்.

சட்டத்தைத் தேடுவது அவ்வளவு இலேசாக இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாக மாறியது. அச்சிட்ட பிரதி விற்கும் ஓர் இடத்துக்குப் போனேன். தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டது, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். கடைசியில் பொது நூலகத்தில், உசாத்துணைப் பகுதியில் இருந்த ஒரு பெண் அரைமணி நேரம் அலுமாரிகளுக்குள் மறைந்துபோய், மூன்று மொழியிலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டது சந்தோஷம் என்றாள். அவளுக்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

தமிழ்ப் பிரதியில் ஒரு சொல் என் கண்ணில் பட்டது. தெரிந்துகொண்டே. தெரிந்துகொண்டே பொய்யான தகவல் தருபவர்தான் குற்றவாளி. அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். புதுக்கடையில் இருந்த காலத்தில் இந்த ஒரு சொல்லால் தப்பியவர்களையும் மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் ஒரு பக்கம். விசாரிக்கிறவரின் தலைக்குள் இருப்பது ஊர்ப்பேச்சு, அதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று என் பழைய சட்டத்தரணி சொல்வார். அதனால் உதவிப்பணம் எடுப்பவர்களைப் பற்றிச் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் தேடினேன். ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு ஆய்வறிக்கைகள் இருந்தன, அட்டவணை அட்டவணையாக. பழைய பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் இருந்தன. தகுதியில்லாதவர்கள் எடுக்கிறார்கள், தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், கையில் விலைகூடிய ஃபோன் இருக்கிறது, வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. மூன்றாவது கடிதத்தை வாசிக்கும்போது, எழுதியது நானாக இருக்குமோ என்று பயந்து கீழே பெயரைப் பார்த்தேன். நானில்லை. ஆனால் இதே வார்த்தைகளை எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று நான் சொல்லியிருக்கிறேன். அப்போது அவள் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

புதுக்கடையில் இலவச சட்ட ஆலோசனை சொல்லும் இளம் சட்டத்தரணி ஒருவரிடமும் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அன்ரி, கேஸ் நல்ல கேஸ். அவர் காசு அனுப்பேல்ல எண்டு காட்டினாச் சரி. பாஸ்போட் நம்பர், எந்த நாடு, எந்த ஏஜென்சியால போனவர், இவ்வளவும் எடுத்துத் தாங்கோ" என்றார்.

மறுநாள் காலை அவள் வந்ததும் வாசலிலேயே பிடித்தேன்.

"உம்மட மனுசன்ட பாஸ்போட் கொப்பி ஏதும் இருக்கோ? எந்த நாட்டில நிக்கிறார்?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அவருக்கு ஏது மிஸ் பாஸ்போட்டு. இங்க கிட்ட, பேலியகொடயில இருக்காரு. இன்னொருத்தியோட."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப வெளியில எண்டு சொன்னீர்?"

"வெளிய போயிட்டாருன்னுதானே சொன்னேன் மிஸ்."

"நான் வெளிநாடு எண்டு எழுதிப்போட்டன்."

"தெரியும்."

இந்த இடத்தில் நான் அழத் தயாராக இருந்தேன், மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தேன். அவள் சொன்ன அந்த ஒரு சொல் இரண்டையும் நிறுத்தியது. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே. பஸ்ஸுல போறப்பவே புள்ள வாசிச்சிட்டா. 'அம்மா, அப்பா பிட்டரட்டயா?'ன்னா. மூணு வருஷமா அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல மிஸ். அவளும் கேக்கல. அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்தேன். ஆமான்னுட்டேன்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நீங்க படிச்சவங்க. புள்ளைக்காக, எங்க மானத்துக்காகத்தான் அப்படி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். அதுக்காக ஒங்கள மனசுல கும்பிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தானாகவே விளங்கியது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள், குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அப்பா வெளிநாட்டில், வரும்போது சைக்கிள் கொண்டுவருவார். வகுப்புக்கு வேறு போகிறாள். பார்ப்பவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். எழுதிப் போட்ட நாசமறுப்பான் யாராக இருக்கும் என்று நான் திட்டத் தொடங்கினேன். "அவங்க பொய் சொல்லலியே மிஸ், நாங்க சொன்னததானே எழுதுனாங்க" என்றாள்.

எனக்கு இன்றுவரை ஆறாதது வேறொன்று. கணவன் கைவிட்டுப் போய்விட்டான் என்று நான் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால், அவளுக்குக் கொடுப்பனவு இன்னும் உறுதியாகக் கிடைத்திருக்கும். பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. உண்மையே அவளுக்குப் போதுமான தகுதி.

விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. நூலகத்துக் கொப்பியைத் திறந்து, நான் கோடு போட்ட சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே. படிவத்தைக் கையளிக்கும்போது அவளுக்குத் தெரியும். பிறகு, என் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். என் பெயரிலேயே சத்தியக் கடதாசி ஒன்று தட்டச்சு செய்தேன். படிவத்தை நிரப்பியது நான், சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டது நான். இது வரை உண்மை. விண்ணப்பதாரிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதுவும் உண்மை. அதில் எழுதப்பட்டிருப்பது என்னவென்று அவர் ஒருபோதும் அறிந்திருக்கவில்லை. இதை நிறுத்தாமல் தட்டினேன். பழகிய வசனம் அது, எத்தனையோ பேருக்குத் தட்டியிருக்கிறேன். சமாதான நீதவான் ஒருவர் முன் கையொப்பமிட்டேன். அவளிடம், உள்ளே கேட்டால் தெரியாது என்று மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள்.

விசாரணை நாளன்று பிள்ளையை விட்டுவர ஆளில்லாமல் கூட்டி வந்திருந்தாள். அதிகாரி இளைஞர், களைத்த முகம், மரியாதையான பேச்சு. எனக்கு ஒரு கதிரை தந்தார். அவள் நின்றாள், பிள்ளையும் நின்றாள். நான் சாரி உடுத்தி, கையில் ஃபைலோடு, சுத்தமான சிங்களத்தில் பேசினேன். அவர் சத்தியக் கடதாசியை இரண்டு முறை வாசித்தார். முகம் இளகியது. முடிந்தது என்று நினைத்தேன். அந்த இளக்கத்தில்தான், சும்மா அன்பாக, பிள்ளையிடம் சிங்களத்தில் கேட்டார்: "அப்பா எங்கே, மகள்?"

"பிட்டரட்ட."

"எந்த நாடு?"

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மிஸ்ஸுக்குத்தான் தெரியும். மிஸ்தான் எழுதினாங்க. நான் பஸ்ஸில் வாசித்தேன்" என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். அதிகாரியின் பேனா, என் கடதாசியின் கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் நின்றது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாயா என்று கேட்டார். ஓம் என்றாள். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தேன் என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, தலையில் கை வைத்துக்கொண்டு, சிங்களத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வெளிநாடு இல்லை சேர். பேலியகொடையில் இருக்கிறார். எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். மிஸ் தெரியாமல் எழுதினார், எனக்குத் தெரியும், நான்தான் விட்டுவிட்டேன். இவளுக்குத் தெரியாது. இப்போதுதான் தெரியும்.

பிள்ளை அழவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாசிக்கிறாளா என்று பார்த்தேன். உதடு அசையவில்லை.

அதிகாரி சத்தியக் கடதாசியை மடித்து என்னிடமே நீட்டினார். "இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் மிஸ். இது இந்தக் கோவையில் இருந்தால் உங்களுக்குக் கரைச்சல்" என்றார். பிறகு அவளுடைய கோவையில், தெரிந்துகொண்டே பொய்த் தகவல் வழங்கியுள்ளார் என்று எழுதினார். பொலிசுக்கு அனுப்பமாட்டேன், அடுத்த முறை விண்ணப்பம் கோரும்போது புதிதாகப் போடலாம், ஆனால் இப்போதைக்குப் பெயர் வெட்டப்படுகிறது என்றார். அவர் கெட்டவரல்ல. அந்த அறையில் சத்தியம் செய்து பொய் சொன்னவள் நான் ஒருத்திதான். எனக்குக் கதிரை தந்து, கதவுவரை வந்து வழியனுப்பினார்கள். உண்மை சொன்னவளின் பெயரை வெட்டினார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பிள்ளையின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஜன்னல் தொடைக்கிற நாள், பழைய பேப்பர் எடுத்து வைங்க மிஸ்" என்றாள்.

வகுப்பு நின்றது. நான் கட்டுகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். வேண்டாம் மிஸ் என்று இரண்டு முறையும் சொன்னாள். பிள்ளை வகுப்பில்லாமலே பரீட்சை எழுதினாள். சில புள்ளிகளால் தவறிவிட்டது. வகுப்பு இருந்திருந்தால் எடுத்திருப்பாளா என்று தெரியாது. அந்தக் கேள்வியோடு நான் தினமும் எழும்புகிறேன்.

சேதி எப்படியோ எங்கள் தொடர்மாடிக்கும் வந்தது. மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருநாள் லிஃப்டில் கேட்டார். "எங்கட வேலைக்காரப் பிள்ளை உதவிப்பணத்தில கள்ளம் செய்து பிடிபட்டிட்டுதாமே?"

"கள்ளம் செய்தது நான்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். லிஃப்ட் அவருடைய மாடியில் நின்றது, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

போன மாதம் மறுபடி விண்ணப்பம் கோரினார்கள். அவள் படிவத்தோடு வந்தாள். நான் பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்தேன். "நீங்க எழுத வேணாம் மிஸ், பேனா மட்டும் குடுங்க. இங்க மேச இருக்கு, அதான் வந்தோம்" என்றாள். சொன்ன விதத்தில் கோபமே இல்லை. கண்ணாடியை மடித்து வைத்தேன்.

பிள்ளை என் கதிரையில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தாள். தமிழில்தான் நிரப்பினாள், ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாக வாசித்து, தாய் சொல்வதைக் கேட்டு எழுதினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"கணவர் தற்போது வதியும் இடம்" என்று வாசித்தாள்.

"வெளிய போயிட்டாருன்னு போடு."

பேனா நின்றது.

"வெளியன்னு போட்டா மறுபடியும் வெளிநாடுன்னு நெனப்பாங்கம்மா" என்றாள். தாயின் பதிலுக்குக் காத்திருக்காமல், உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எங்களை விட்டுவிட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்டார்.

"பிழ இருக்கா மிஸ்?"

குனிந்து, கண்ணாடி போடாமல், இரண்டு முறை வாசித்தேன். பிழை இல்லை என்றேன்.